கொடுக்கு காலா, கையா? – ஒரு சொல்லைத் தேடிச் சென்ற கதை



சில வாரங்களுக்கு முன் ஓர் இரவு, என் முன்னாள் மாணவி ஒருவரிடமிருந்து குரல் பதிவொன்று வந்தது. நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் என்னிடம் பயின்றவர். இன்று அவருடைய மகன் தமிழ்ப்பள்ளி மாணவன். “டீச்சர், பையனோட அறிவியல் பயிற்சியில ‘நண்டின் கொடுக்கு’ன்னு போட்டிருக்கு. கொடுக்குன்னா தேளோட வாலுதானே? நண்டுக்கு ஏது வாலு?” என்பதே வினா. அதன் பின்னணியில் மகனின் குரலும் கேட்டது. “நண்டுக்கு எட்டுக் காலு, ரெண்டு கை. சிலந்திக்கும் எட்டுக் காலு. அப்போ நண்டும் சிலந்தியும் ஒரே சாதியா, கேளுங்கம்மா!”

தாய் கேட்டது ஒரு சொல்லின் பொருள். மகன் கேட்டதோ, ஐரோப்பிய விலங்கியலாளர்களை ஏறத்தாழ நூறாண்டு அலைக்கழித்த வினா. இரண்டுக்கும் அன்றிரவு என்னால் ஒழுங்கான விடை கூற இயலவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்று தப்பித்துக்கொண்டேன்.

என் இயலாமைக்கு ஒரு காரணம் உண்டு. 2003ஆம் ஆண்டு சனவரியில் நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. பயிற்சிக் கழகத்திலிருந்து புதிதாய் வெளிவந்த என் போன்றோர் அறிவியலை ஆங்கிலத்திலேயே கற்பித்தோம். அக்கொள்கை கைவிடப்படும் என 2009ஆம் ஆண்டு சூலையில் அறிவிப்பு வந்தது. 2011 முதல் படிப்படியாகத் தமிழ் மீண்டும் அறிவியல் வகுப்பிற்குள் நுழைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்த பிள்ளைகளுக்கு நண்டின் ‘பின்சர்’ தெரியும், கொடுக்கு தெரியாது. அவர்களுக்குத் தெரியாமற் போனதற்கு நானும் ஒரு காரணம். அந்தப் பிள்ளைகளே இன்று பெற்றோராகித் தம் மக்களின் பாடநூலைத் திறந்து திகைக்கின்றனர். 2016 முதல் இருமொழிப் பாடத்திட்டம் சில தமிழ்ப்பள்ளிகளிலும் நுழைந்த பின்னர் இத்திகைப்பு இன்னொரு சுற்று வருகின்றது. ஆகவே, அந்த மாணவிக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கும் முயற்சியாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

முதலில் நண்டைப் பார்ப்போம். சுங்கை பாக்காப்பில் வாழும் நமக்கு நண்டிற்குப் பஞ்சமில்லை. புக்கிட் தம்புன் பக்கம் போனால் கடலுணவுக் கடைகள் வரிசையாக நிற்கும். நான் சந்தையில் இரண்டு நண்டுகள் வாங்கினேன். ஒன்று சேற்று நண்டு, மற்றொன்று மலாய்க்காரர் ‘கெத்தாம் பூங்கா’ என்றழைக்கும் பூ நண்டு. நாளிதழை விரித்து அதன்மேல் வைத்து எண்ணினேன். (இரண்டும் அன்று மாலையே குழம்பாயின என்பதை மறைக்க வேண்டியதில்லை.)

எண்ணிப் பார்த்தால் பத்துக் கால்கள். ஐந்து இணை. கொடுக்கு என்று நாம் சொல்வது அவற்றுள் முதல் இணை. அது தனியாக முளைத்த கை அன்று. மற்ற நான்கு இணைகள் எந்த வரிசையில், எந்த அடியிலிருந்து புறப்படுகின்றனவோ, அதே வரிசையில் அதே அடியிலிருந்து அதுவும் புறப்படுகின்றது. கணுக்களின் எண்ணிக்கையும் அதேதான். நுனியில் உள்ள இரு துண்டுகள் மட்டும் மாறியிருக்கின்றன. கடைசிக்கு முந்திய துண்டு பருத்து, ஒரு பக்கமாக நீண்டு அசையாத விரலாகிறது. கடைசித் துண்டு அதன்மேல் அழுந்தும் அசையும் விரலாகிறது. அவ்வளவே வேறுபாடு. பூ நண்டின் ஐந்தாம் இணையைப் பாருங்கள், அதுவும் மாறியிருக்கும். நுனி தட்டையாகித் துடுப்புப்போல் ஆகி, நீந்துவதற்கு உதவுகின்றது. சேற்று நண்டிற்கும் அவ்வாறே. துடுப்பைக் ‘கால்’ என்று தயங்காமல் கூறும் நாம், கொடுக்கை மட்டும் ‘கை’ என்பது ஏன்? அது பிடிக்கிறது என்பதால்தான். குழந்தை செயலைப் பார்த்துப் பெயரிடுகிறது, விலங்கியலாளர் இடத்தைப் பார்த்துப் பெயரிடுகிறார்.

நண்டு, இறால், சிங்க இறால் ஆகியவற்றை ஒரே குழுவாக்கிப் ‘பத்துக்காலிகள்’ எனப் பொருள்படும் பெயரை 1802இல் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பியேர் ஆந்திரே லத்ரேய். இவர் ஒரு பாதிரியார். பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையில் அடைக்கப்பட்டவர். சிறையறையில் ஊர்ந்த ஓர் அரிய வண்டை இவர் அடையாளம் கண்டதே இவர் உயிர் தப்பக் காரணமாயிற்று என்பது பூச்சியியல் உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆக, லத்ரேயின் கணக்கிலும் கொடுக்கு கால்தான்.

இனிச் சிலந்தி. நடக்கும் கால்கள் நான்கு இணை. இதில் ஐயமில்லை. ஆனால் அவற்றிற்கு முன்னே இன்னும் இரண்டு இணை உறுப்புகள் உள்ளன. பெரும்பாலோர் இவற்றைக் கவனிப்பதில்லை. வாயின் முன்னால் இருப்பது ஓர் இணை. அதன் நுனியில் நஞ்சைச் செலுத்தும் கூர்முனை இருக்கும். நாம் ‘நச்சுப்பல்’ என்கிறோம். உண்மையில் அது பல் அன்று, இரண்டு துண்டுகளால் ஆன ஓர் இணையுறுப்பு. அதற்கு அடுத்து, குட்டைக் கால்போல் தோன்றும் மற்றோர் இணை. இரையையும் தரையையும் தடவி அறிய உதவுவது. ஆண் சிலந்தியில் அதன் நுனி குமிழ்போல் பருத்து, இனப்பெருக்கத்தின்போது விந்தைப் பெண்ணிடம் சேர்க்கும் கருவியாகவும் ஆகிறது. வீட்டுச் சுவரில் ஒரு சிலந்தி முகத்தருகே ‘குத்துச்சண்டைக் கையுறை’ அணிந்ததுபோல் தெரிந்தால், அது வளர்ந்த ஆண்.

ஆக, சிலந்திக்கு முன்னுடலில் மொத்தம் ஆறு இணை உறுப்புகள். தேளுக்கும் அப்படியே ஆறு இணை. இங்கேதான் வியப்பு. தேளின் முன்னால் நீண்டு நிற்கும் இடுக்கி நண்டின் கொடுக்கைப் போலவே இருந்தாலும் அது நடக்கும் காலின் மாற்றுரு அன்று. சிலந்தி தடவிப் பார்க்கும் அந்த இரண்டாம் இணை எதுவோ, அதுவே தேளில் இடுக்கியாக வளர்ந்திருக்கிறது. தேளின் நடக்கும் கால்கள் சிலந்தியினுடையவை போலவே எட்டு. நண்டின் இடுக்கியும் தேளின் இடுக்கியும் ஒன்றுபோல் தோன்றும் இருவேறு உறுப்புகள்.

தமிழில் இக்குழப்பம் இரட்டிப்பாகிறது. ‘கொடுக்கு’ என்னும் சொல் நம் அகராதிகளில் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. தேள், குளவி போன்றவற்றின் கொட்டும் முள் ஒன்று. நண்டின் கவ்வும் கால் மற்றொன்று. முன்னது உடலின் பின்கோடியில் இருப்பது, காலே அன்று. பின்னது முன்கோடியில் இருப்பது, காலேதான். தேளிடமோ இரண்டும் உள்ளன. பின்னே கொட்டுவது, முன்னே கவ்வுவது. அப்படியானால் ‘தேளின் கொடுக்கு’ எது? என் மாணவி கேட்ட வினாவில் தவறே இல்லை. அவர் தெரிந்துவைத்திருந்த பொருள் சரி. நாம்தான் இரண்டாவது பொருளைச் சொல்லித் தரவில்லை.

முன்னோர் இந்த முன்னிடுக்கியைக் கவனிக்காமல் விடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. தேளுக்குத் ‘தெறுக்கால்’ என்றொரு பழஞ்சொல் இருக்கிறது. பெரிய கருந்தேளை நாம் நட்டுவாக்காலி என்கிறோம். அதையே ‘நண்டுத்தெறுக்கால்’ என்றும் குறித்துள்ளனர். நண்டுபோன்ற தேள்! முன்னிடுக்கியைப் பார்த்து ஒப்பிட்ட கண் அது. ஆனால் தெறுக்கால் என்ற சொல்லின் ஈற்றில் ‘கால்’ நிற்பதைக் காணும்போது, துன்புறுத்தும் அந்த வாலையும் ஒரு காலாகவே எண்ணினார்களோ என்று தோன்றுகிறது. இது என் ஊகமே. சொற்பிறப்பு அறிந்தோர் திருத்தலாம்.

நண்டிற்கு நம் பழைய இலக்கியத்தில் நல்ல இடம் உண்டு. ஞெண்டு, அலவன், கள்வன் எனப் பல பெயர்கள். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய பத்துகளுள் ஒன்றிற்குக் ‘கள்வன் பத்து’ என்றே பெயர். அங்கே கள்வன் என்பது திருடன் அல்லன், வயல் நண்டு. சிலந்திக்கோ ‘சிலம்பி’ என்ற வடிவமும் உண்டு. திருவானைக்காவில் வலை பின்னிய சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனானது என்னும் கதையைப் பெரியபுராணம் படித்தோர் அறிவர். விலங்கின் பெயருக்குப் பஞ்சமில்லாத மொழி நம் மொழி. ஆனால் அதன் காலில் எத்தனை துண்டுகள், ஒவ்வொன்றின் பெயர் என்ன என்ற கேள்வி வேறொரு தேவையிலிருந்து பிறப்பது. அத்தேவை நம்மிடம் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான்.

ஐரோப்பாவிலும் அது ஒரே நாளில் விளைந்ததன்று. லின்னேயசு 1758இல் வெளியிட்ட தம் பெருநூலின் பத்தாம் பதிப்பில் சிலந்தி, தேள், நண்டு மூன்றையும் ‘பூச்சிகள்’ என்ற ஒரே வகுப்பில், சிறகற்றவை என்ற ஒரே பிரிவில் அடைத்திருந்தார்! மேலே கண்ட சிறுவனின் கருத்தும் அதுவே. எனவே, அவனைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை. நாமும் இன்றுவரை சிலந்தியை ‘எட்டுக்கால் பூச்சி’ என்றுதானே அழைக்கிறோம்? சிலந்தி வகையைப் பூச்சியினின்று பிரித்துத் தனி வகுப்பாக்கியவர் லமார்க். அது 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்தது.

இவர்களையெல்லாம்விட என் மனத்தைத் தொட்டவர் சாவிஞி என்பவர். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு 1798இல் சென்ற அறிஞர் குழுவில் இருந்த இளைஞர். அங்கே திரட்டிய சிற்றுயிர்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆண்டுக்கணக்கில் வரைந்தார். பூச்சியின் தாடைகளும் நண்டின் வாயுறுப்புகளும் கால்களின் மாற்றுருவங்களே என 1816இல் எடுத்துக் காட்டினார். உண்பதும் நடப்பதும் பிடிப்பதும் ஒரே அச்சில் வார்த்த உறுப்புகள் என்ற இக்கருத்தே இன்றைய பாடநூல் வரை தொடர்கிறது. பின்னர் அவருடைய கண்பார்வை கெட்டு, வாழ்நாளின் எஞ்சிய பகுதியை ஒளியைத் தாங்க இயலாமல் இருட்டில் கழித்தார். நண்டின் வாயைத் திறந்து அதனுள் அடுக்கடுக்காய் இருக்கும் சிறு ‘கால்களை’ மாணவர்களிடம் காட்டும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

பிறகு பெயரிடும் படலம். சிலந்தியின் கால் ஏழு துண்டுகள் கொண்டது. உடலிலிருந்து நுனிவரை அவை கோக்சா, திரொகாண்டர், பீமர், பட்டெல்லா, டிபியா, மெட்டாடார்சசு, டார்சசு எனப்படும். இவை பெரும்பாலும் மனித எலும்பின் பெயர்கள். எலும்பே இல்லாத உயிருக்கு எலும்பின் பெயர்! இடுப்பு, தொடை, முழங்கால் சில்லு, கீழ்க்கால், பாதம் என்று மனித உடலைச் சிலந்தியின்மேல் போர்த்திவிட்டனர். இதில் பட்டெல்லா என்பது இலத்தீனத்தில் சிறு தட்டு. நாமும் அதே எலும்பைச் ‘சில்லு’ என்கிறோம். பாண்டி விளையாட்டில் எறியும் சில்லு! இருவேறு மக்கள், ஒரே உருவத்தைக் கண்டு ஒரே வகையில் பெயரிட்டிருக்கின்றனர். பூச்சியின் காலில் இச்சில்லுத் துண்டு தனியாக இராது என்பது கூடுதல் செய்தி.

நண்டின் காலும் ஏழு துண்டுகளே. ஆனால் பெயர்கள் வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு விலங்கியலாளர் ஆன்றி மில்ன் எட்வர்ட்சு அமைத்த முறை அது. கோக்சா, பேசிசு, இசுக்கியம், மீரசு, கார்ப்பசு, புரோபோடசு, டாக்டிலசு என்று இன்று வழங்குகிறது. பொருளைத் தமிழில் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: இடுப்பு, அடி, இடுப்பெலும்பு, தொடை, மணிக்கட்டு, முன்பாதம், விரல். இடுப்பில் தொடங்கித் தொடைவரை கால், அங்கிருந்து தாவி மணிக்கட்டுக்குப் போனால் கை, அடுத்த துண்டு மீண்டும் பாதம், இறுதியில் விரல்! சிறுவனின் “காலா, கையா” என்ற கேள்விக்கு மில்ன் எட்வர்ட்சும் திட்டவட்டமாக விடை சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆங்கிலேய அறிஞர் அக்சுலி 1880இல் நன்னீர் இறால் ஒன்றை மட்டுமே வைத்து விலங்கியல் முழுவதற்கும் ஒரு முன்னுரை எழுதினார். அந்நூலின் வழியாக இவ்வகைப் பெயர்கள் ஆங்கில வகுப்பறைகளில் நன்கு வேரூன்றின.

இப்பெயர்கள் வெறும் மனப்பாடச் சுமை என்று எண்ணிவிட வேண்டா. ஒரு நண்டின் காலை எதிரி பற்றினால் அது காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். கழல்வது எங்கே? எப்போதும் ஒரே இடத்தில், அடியை ஒட்டிய இரண்டாம் மூன்றாம் துண்டுகள் இணையும் இடத்தில். அங்கே முன்கூட்டியே ஒரு முறிவுக்கோடு அமைந்திருக்கிறது. குருதியும் அதிகம் கசியாது. அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கால் மீண்டும் வளரும். சிலந்தியும் காலைக் கழற்றும். ஆனால் அதற்கு முறிவிடம் முதல் துண்டுக்கும் இரண்டாம் துண்டுக்கும் இடையே. துண்டுகளுக்குப் பெயரில்லையேல் இவ்வேறுபாட்டை எப்படிச் சொல்வது? ‘கால் உடைந்தது’ என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

இன்னொன்று. செத்த சிலந்தி ஏன் கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது? அதன் காலில் தொடைக்கும் சில்லுக்கும் இடையிலும், கீழ்க்காலுக்கும் அதன் அடுத்த துண்டுக்கும் இடையிலும் மடக்கும் தசை உண்டு, நீட்டும் தசை இல்லை. உடல்நீரை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தியே அது காலை நீட்டுகிறது. இறந்தால் அழுத்தம் இல்லை. கால்கள் தாமே மடங்கிவிடுகின்றன. இதை வகுப்பில் சொன்னபோது, எப்போதும் சன்னலுக்கு வெளியே பார்க்கும் ஒரு மாணவன் கூட என் பக்கம் திரும்பினான்!

சரி, தமிழுக்கு வருவோம்.

உடலுறுப்புகளுக்கான அறிவியல் தமிழைத் திட்டமிட்டு உருவாக்கிய முன்னோடி ஓர் அமெரிக்கர். மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன். 1822இல் பிறந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் மருத்துவம் பார்த்து, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். பின்னாளில் அதைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலைத் தமிழாக்கியபோது அத்துறைக்கு அவர் குழுவினர் வைத்த பெயர் ‘அங்காதிபாதம்’. இச்சொல்லைக் கேட்கும்போது நமக்குப் பாதாதிகேசம், கேசாதிபாதம் ஆகிய சிற்றிலக்கியங்கள் நினைவுக்கு வருகின்றன. உடலை அடிமுதல் முடிவரை உறுப்புறுப்பாக விரிக்கும் மரபு தமிழில் முன்பே இருந்தது. கிறீனின் மாணவர்களுக்கும் அது செவியில் ஒலித்திருக்கும் என்றே எண்ணுகிறேன். 1873இல் அவர் தாயகம் திரும்பினார். 1884இல் மறைந்தார். ‘தமிழருக்கு மருத்துவ ஊழியர்’ என்னும் பொருளில் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் சிலந்தியைப் பற்றி எழுதவில்லை, மனிதனைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் சிலந்தியின் காலுக்கு மனித எலும்பின் பெயரே வைக்கப்பட்டிருக்கும்போது, மனித எலும்பிற்குத் தமிழ்ச்சொல் தேடியவர் சிலந்திக்கும் பாதி வழி போட்டுவிட்டார் அல்லவா?

அடுத்த பெருமுயற்சி சேலத்தில். 1916இல் இராசாசியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் கண்டு, அதற்கென ஓர் இதழும் நடத்தினர். பின்னர் 1934இல் திருநெல்வேலியில் தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இப்பணியைக் கையிலெடுத்தது. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியது. தலைமை தாங்கியவர் மட்டக்களப்பு தந்த விபுலாநந்த அடிகள். துறைவாரியாக அறிஞர்கள் அமர்ந்து சொற்களை ஆய்ந்தனர். 1938இல் ‘கலைச்சொற்கள்’ நூலாக வெளிவந்தது. ஏறத்தாழ 10,000 சொற்கள்! வடமொழியா, தமிழா, ஆங்கில ஒலிபெயர்ப்பா என்ற சண்டை அக்காலம் முழுவதும் நடந்தது. அச்சண்டையை இங்கே விரிக்கப் போவதில்லை. இன்னும் முடியாத சண்டை அது. விடுதலைக்குப் பின் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. தொடர்ந்து குழந்தைகளுக்கென்றே இன்னொரு பத்துத் தொகுதிகள். தமிழ்ப்பள்ளி நூலகங்களில் அத்தொகுதிகள் எங்கேனும் தூசியோடு கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இதன் பயனாக நமக்குக் கிடைத்த சொற்களுள் ஒன்று ‘கணுக்காலி’. 1840களில் செருமானிய அறிஞர் சீபோல்டு சூட்டிய ‘ஆர்த்ரோபோடா’ என்ற பெயருக்கு இணையானது. கரும்பிலும் மூங்கிலிலும் நாம் காணும் கணுவைக் காலில் கண்டு வைத்த பெயர். என்ன பொருத்தம் பாருங்கள்! கரும்பைத் தோட்டத்தில் கண்ட பிள்ளைக்கு விளக்கமே வேண்டா. ஒரே ஓர் இடர் உண்டு. நாம் அன்றாடம் ‘கணுக்கால்’ என்பது பாதத்திற்கு மேலுள்ள மூட்டை. அதனால் ‘கணுக்கால் உள்ள விலங்கு’ என்று விடையெழுதும் மாணவர் ஆண்டுதோறும் இருவராவது உண்டு. நான் இப்போது கரும்புத் துண்டோடுதான் வகுப்பிற்குச் செல்கிறேன்.

‘எண்காலி’ என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை. நாற்காலி, முக்காலி என்பவை இருக்கைகள். எண்காலி என்றதும் வகுப்பே சிரித்தது. எட்டுப் பேர் உட்காரும் நாற்காலியா என்றான் ஒருவன். சிரித்தபின் அச்சொல்லை அவர்கள் மறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இலங்கையில் வேறொரு பாதை. அங்கே தமிழ்வழியில் உயர்நிலை விலங்கியல் வரை கற்பிக்கப்பட்டதால் சொற்களுக்கான தேவை மிகுதி. பல இடங்களில் அவர்கள் ஒலிபெயர்ப்பையே தேர்ந்தனர். நம் கணுக்காலி அங்கே ‘ஆத்திரப்போடா’. ஒரே மொழி, ஒரே நண்டு, கடல் கடந்தால் வேறு பெயர். மலேசியாவில் நாம் பெரும்பாலும் தமிழகச் சொற்களையே ஏற்றோம். மலாய் மொழிக்கு 1956 முதல் டேவான் பகாசா டான் புசுத்தாக்கா என்றொரு நிறுவனம் இருக்கிறது. ‘தோராக்சு’, ‘அப்டோமென்’ என ஒலிபெயர்ப்பைத் தயங்காமல் எடுத்துக்கொண்டனர். கூடாதென்று சொல்ல மாட்டேன். ஆனால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குக் காரணம் புரியும் சொல்லைக் கொடுத்தால் பாதிப் பாடம் சொல்லிலேயே முடிந்துவிடும் என்பது என் பட்டறிவு. உயர்கல்விக்குச் செல்வோர் பின்னர்க் கோக்சாவையும் பீமரையும் கற்றுக்கொள்ளட்டும்.

எனவே, என் வகுப்பிற்காக நான் செய்துகொண்ட ஏற்பாட்டை இங்கே வைக்கிறேன். இவை எவரும் ஒப்புதல் அளித்த சொற்கள் அல்ல. தேர்வில் பாடநூற் சொல்லையே எழுத வேண்டும். நண்டின் முதல் இணையைப் பேச்சில் கொடுக்கு என்றும், விளக்கும்போது ‘இடுக்கிக்கால்’ என்றும் சொல்கிறேன். கால் என்பதும் தெரியும், இடுக்குவது என்பதும் தெரியும். மற்ற மூன்று இணைகள் நடைகால். துடுப்பாகிவிட்ட ஐந்தாம் இணை துடுப்புக்கால். தேளின் பின்முனைக்குக் கொட்டுமுள். சிலந்தியின் இரண்டாம் இணைக்குத் தடவுகால்; தேளின் இடுக்கியும் அதே தடவுகால்தான், உருமாறியது. சிலந்தியின் முதல் இணைக்கு இன்னும் மனநிறைவான சொல் அமையவில்லை. அதன் கிரேக்கப் பெயர் ‘கொடுக்குக் கொம்பு’ என்று பொருள்படும். தமிழில் அப்படியே சொன்னால் மாட்டுக்கொம்பு கண்முன் வருகிறது. நச்சுக்கொடுக்கு என்றால் மீண்டும் கொடுக்கின் குழப்பம். ஆசிரிய நண்பர்கள் நல்ல சொல் இருந்தால் மறுமொழியில் தெரிவியுங்கள்.

சிறுவனின் வினாவிற்கு விடை இன்னும் பாக்கியிருக்கிறது. நண்டும் சிலந்தியும் ஒரே சாதியா? இரண்டும் கணுக்காலிகள், அதனால் தொலைதூரச் சொந்தம். ஆனால் நண்டிற்கு உணர்கொம்புகள் இரண்டு இணை. சிலந்திக்கு ஒன்றுகூட இல்லை. பூச்சிக்கு ஓர் இணை. இவ்வொரு கணக்கை மட்டும் பிள்ளை நினைவில் வைத்தால் மூன்றையும் பிரித்துவிடுவான்.

இதற்குப் பெருஞ்சோதனையாக நம் கடற்கரையிலேயே ஓர் உயிர் இருக்கிறது. மலாய்க்காரர் ‘பெலாங்காசு’ என்பர். இணைபிரியாத காதலரை ‘பெலாங்காசு போல’ என்று மலாயில் சொல்வதும் அதை வைத்துத்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பெண்ணின் முதுகைப் பற்றிக்கொண்டே திரியும். தமிழில் குதிரைலாட நண்டு என்கிறோம். கடலில் வாழ்கிறது, ஓடு உண்டு, பெயரிலேயே நண்டு. ஆயினும் அது நண்டு அன்று! உணர்கொம்பு இல்லை, வாயின்முன் சிலந்திக்கு இருப்பதுபோன்ற சிறு இடுக்கியிணை உண்டு. உறவில் அது சிலந்திக்கும் தேளுக்குமே நெருக்கம். நாமிட்ட பெயர்தான் நம்மை ஏமாற்றியிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு பெரிய அட்டையில் படமாக வரைந்து, தமிழில் பெயர் குறித்து, படம் பிடித்து அந்த மாணவிக்கு அனுப்பினேன். மறுநாள் இரவு மீண்டும் குரல் பதிவு. இம்முறை மகனே பேசினான். “டீச்சர், சிலந்திக்கு உணர்கொம்பு இல்லன்னா, அது எதைவச்சு மோந்து பாக்கும்?”

கால்களால்தான், தம்பி. கால்களில் உள்ள நுண்ணிய மயிர்களால் அது மணத்தையும் சுவையையும் அறிகிறது. அதிர்வையும் கால்களாலேயே உணர்கிறது. அந்த மயிர்களுக்கு என்ன பெயர் என்று அடுத்து நீ கேட்பாய். தேடிக்கொண்டிருக்கிறேன்.